மாப்பிள்ளைக்கு ஒரு பங்கு

யுஸ்மானியார் பங்கு என்று சொன்னால் அது பங்குதான். கைச்செலவுக் காசு இல்லை, "வேண்டும்போது கேள், தருகிறேன்" என்ற வாய்ப்பேச்சும் இல்லை. பெருநாளைக்கு ஒரு துணியை நீட்டிவிட்டுச் சிரிக்கும் கதையை அவளிடம் யாரும் விடவே முடியாது. அந்தக் கதையை அவள் பதினைந்து வருஷம் கேட்டுச் சலித்தவள்.

பெக்கான்பாரு நகரத்தில் தாய்வழிச் சொந்தக்காரர் ஒருவரின் சாப்பாட்டுக்கடையில் அவள்தான் அடுப்பு. இறைச்சியைத் தேங்காய்ப்பாலில் வற்ற வற்ற அவள் கிண்டிய ரெண்டாங்கைச் சாப்பிட ஊர் கடந்து வந்தார்கள். "உன் கைக்குத் தங்கக் காப்பு போடணும்" என்று முதலாளியம்மா வாரத்துக்கு ஒருமுறை சொல்வாள். காப்பு வரவில்லை. பாத்திரம் கழுவியவனுக்குக்கூட மாத்தோ இருந்தது, யுஸ்மானியாருக்கு இல்லை. கேட்டால், "நீ என்ன வெளியாளா? உன் கடைதானே இது" என்பார்கள். ஒவ்வொரு பெருநாளைக்கும் ஒரு கைலி. கடைசியில் அம்மாவுக்கு உடம்பு முடியாமல் ஊர் திரும்பியபோது அவள் பெட்டியில் இருந்தது பதினைந்து கைலிகள்தான். ஒன்றையும் அவள் கட்டவில்லை, வீசவும் மனம் வரவில்லை. இன்னமும் அலமாரியில் அடுக்கியபடியே இருக்கின்றன.

மாத்தோ என்பது எங்கள் மினாங் இனத்தார் நடத்தும் சாப்பாட்டுக்கடைகளின் வழக்கம். மாதச் சம்பளம் கிடையாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஏழைகளுக்கான ஜகாத்தை எடுத்து வைத்துவிட்டு, லாபத்தில் பாதி முதல் போட்டவருக்குப் போகும். மறுபாதி, அடுப்பில் நிற்பவர் முதல் தட்டு கழுவுபவர் வரை, அவரவர் வேலைக்குத் தக்க புள்ளிக்கணக்கில் பிரியும். கடை கொழித்தால் எல்லோரும் கொழிப்பார்கள், படுத்தால் எல்லோரும் படுப்பார்கள். அதனால்தான் எங்கள் கடைகளில் குழம்பில் தண்ணீர் ஊற்ற யாருக்கும் கை வராது.

தம்பி புஸ்தாமி ஜகார்த்தாவில் துணிக்கடை வைத்து நாலு காசு சேர்த்திருந்தான். ஊரில் அக்காவின் கையை வைத்து ஒரு சாப்பாட்டுக்கடை போடலாம் என்று அவனுக்குத்தான் முதலில் தோன்றியது. பாடாங் பாஞ்சாங்கைத் தாண்டிச் சாலை கீழே இறங்கத் தொடங்கும் இடத்தில், பேருந்துகள் மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கிற திருப்பத்தில், வாடகைக்கு இடமும் பார்த்துவிட்டான். பேசி முடிக்க எல்லோரும் யுஸ்மானியார் வீட்டுக் கூடத்தில் பாய் விரித்து உட்கார்ந்தார்கள். புஸ்தாமி, கடைசித் தங்கை குஸ்னெத்தி, அவள் புருஷன்.

புருஷனின் பெயர் ஹெந்திரிசால். ஆனால் அந்த வீட்டில் அந்தப் பெயரை யாரும் உச்சரித்ததில்லை. கல்யாணத்தன்று அவருக்குச் சூட்டிய பட்டம் மாலின் மாராஜோ. அன்றிலிருந்து மாமியார் வீட்டுக்கு அவர் மாலின்தான். பெண்கள் வழியில் வீடும் நிலமும் வருகிற எங்கள் ஊரில், மாப்பிள்ளை என்றால் மனைவி வீட்டில் ஆயுளுக்கும் விருந்தாளி. முதல் காப்பி அவருக்கு, மீனின் நடுத்துண்டு அவருக்கு. அவரிடம் யாரும் குரலை உயர்த்த மாட்டார்கள், ஒரு வேலை ஏவ மாட்டார்கள். மாப்பிள்ளையைத் தாங்குவதில் எங்கள் குடும்பத்தை மிஞ்ச ஆளில்லை என்று யுஸ்மானியாரின் சொந்தக்காரர்களுக்கு ஒரு தனிப் பெருமையே உண்டு.

அன்றும் வாழைப்பழ பஜ்ஜித் தட்டு முதலில் மாலினுக்குத்தான் போனது. அவர் ஒன்றை எடுத்துக் கடிக்கும் முன்பே பங்குப் பேச்சு தொடங்கிவிட்டது. மனிதர் சட்டென்று எழுந்துவிட்டார்.

"மழை வர்ற மாதிரி இருக்கு. வண்டியை உள்ளே எடுத்து வச்சிட்டு வந்துடறேன்."

மழைக்குப் பேர்போன எங்கள் ஊரில் அன்றைக்கென்று வானத்தில் ஒரு மேகம் கிடையாது. ஆனாலும் யாரும் தடுக்கவில்லை. மனைவி வீட்டுக்காரர்கள் பணம் பேசும்போது எழுந்துபோவதுதான் நல்ல மாப்பிள்ளைக்கு அழகு. திரும்பி அழைக்காமல் இருப்பது வீட்டாருக்கு அழகு. இரண்டு பக்கமும் அழகாக நடந்துகொண்டார்கள்.

"அக்கா, உனக்கு எதுக்குப் புள்ளிக்கணக்கு?" என்றான் புஸ்தாமி. "கடை நம்மளோடது. வேணுங்கிறதை எடுத்துக்கயேன்."

"வேணுங்கிறதை எடுத்துக்கன்னு சொல்ற கடையில கடைசி வரைக்கும் எதையும் எடுக்க முடியாதுடா. எனக்குத் தெரியும். புள்ளியைச் சொல்லு."

"சரிம்மா, சரி. சண்டைக்கு வராதே."

"முதல் போட்டதுக்கு உனக்குப் பாதி. அதுல நான் கை வைக்க மாட்டேன். மிச்சப் பாதியில எனக்கு அடுப்புக்கான புள்ளி. தங்கச்சி நெத்திக்குக் கல்லாவுக்கான புள்ளி. கழுவுற ஆளு, பரிமாறுற ஆளு, எல்லாருக்கும் உண்டு. சொந்தம்னு ஒருத்தருக்குக் குறையக் கூடாது, சொந்தம்னு ஒருத்தருக்குக் கூடவும் கூடாது. என் கடையில ஒருத்தரும் சும்மா வேலை செய்யக் கூடாது. இதுக்குச் சம்மதம்னா நான் அடுப்பைப் பத்த வைக்கிறேன். இல்லேன்னா நீ ஜகார்த்தாவுக்குப் போய்த் துணியைக் கிழி."

புஸ்தாமி சிரித்துவிட்டுக் கை நீட்டினான். குஸ்னெத்தி அக்காவைக் கட்டிக்கொண்டாள். யுஸ்மானியாருக்கு அன்று தரையில் கால் பாவவில்லை. தனக்கு யாரும் செய்யாத நியாயத்தை இனி தானே செய்யப்போகிறோம் என்ற பெருமை அது.

கடை பிடித்துக்கொண்டது. காலையில் தேங்காய்ப்பாலும் மிளகாயும் வேகும் வாசனைக்கே பேருந்துகள் வேகம் குறைத்தன. தட்டு கழுவ தோனி என்ற மீசைக்காரன் வந்தான், பரிமாற ரிக்கோ என்ற இளைஞன். தரையெல்லாம் ஈரமும் எண்ணெயும் என்பதால் எல்லோரும் செருப்போடுதான் உள்ளே நடமாடுவார்கள். வீட்டு வாசலில் கழற்றியே பழகிய யுஸ்மானியாருக்கு முதல் வாரம் அதுவே கூச்சமாக இருந்தது.

மாலின் தினமும் தன் மோட்டார் சைக்கிளில் குஸ்னெத்தியைக் கொண்டுவந்து விடுவார். முன்பு மலைச்சாலையில் சிற்றுந்து ஓட்டியவர். அந்த வண்டி போன பிறகு கையில் நிலையாக ஒரு வேலை இல்லை. கடைக்கு வந்தால் ஓரமாக உட்கார்ந்து முட்டைத் தேநீர் குடித்துவிட்டுப் போய்விடுவார். ஒரு ஞாயிற்றுக்கிழமை கல்யாணக் கூட்டம் ஒன்று இரண்டு பேருந்துகளில் வந்து இறங்கியது. ரிக்கோவுக்கு விழி பிதுங்கியது. மாலின் தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். இடது கையை மடக்கி நீட்டினார். ரெண்டாங், கோழி, தசைநார்க் குழம்பு, மிளகாய் இறைச்சி, மரவள்ளிக்கீரை என்று தட்டுக்கு மேல் தட்டாகத் தோள்வரை அடுக்கிக்கொண்டு, ஒரு சொட்டுக் குழம்பு சிந்தாமல் மேஜைகளுக்கு நடுவே நெளிந்து போனார். மேஜையில் அவர் தட்டுகளை இறக்கும் வேகத்தைப் பார்த்து கல்யாணக் கூட்டம் கைதட்டியது.

"அட, இவருக்கு இது எங்கே கிடைச்சுது?" என்று யுஸ்மானியார் வாய் பிளந்தாள்.

"கல்யாணத்துக்கு முன்னாடி பாடாங்கில நாலு வருஷம் இதான் வேலை" என்றாள் குஸ்னெத்தி. முகமெல்லாம் பூரிப்பு.

மறுநாளும் வந்து தட்டு தூக்கினார். அதற்கு மறுநாளும். ஓட்டுநர்கள் எல்லோரும் அவருடைய பழைய கூட்டாளிகள். அவர் நிற்கிறார் என்று தெரிந்ததும், எதிர்ப்பக்கம் நிறுத்திக்கொண்டிருந்த பேருந்துகள்கூட இந்தப் பக்கம் திரும்பின. காலையில் முதல் ஆளாக வருவார், கதவைச் சாத்திவிட்டுக் கடைசி ஆளாகப் போவார். ஆனால் வீட்டில் யாராவது கேட்டால், "மாலின் சும்மா ஒத்தாசைக்கு வர்றாரு" என்பார்கள். விருந்தாளி செய்வதற்கு வேலை என்று பேர் வைக்க நாக்கு வராது.

ஒருநாள் ஈரத்தில் வழுக்கி, அவர் கையிலிருந்த தட்டுகள் மொத்தமும் சரிந்து நொறுங்கின. முந்தின வாரம் ஒரு கண்ணாடிக் கிளாஸை உடைத்ததற்காக யுஸ்மானியார் ரிக்கோவைப் பிடிபிடியென்று பிடித்திருந்தாள். மாலினிடம் ஓடிவந்து, "கையில காயம் படலியே மாலின்? தட்டு கிடக்குது, நீங்க உக்காருங்க" என்றாள். தோனியை விட்டுக் கூட்டச் சொன்னாள். மாலின் போய் உட்கார்ந்தார்.

முதல் மூன்று மாதம் முடிந்தது. புஸ்தாமி ஜகார்த்தாவிலிருந்து வந்தான். வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்து, கடையைச் சாத்திவிட்டு, நீள மேஜையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். மாலினுக்கு மறுபடி மழை வருகிற மாதிரி இருந்தது. எழுந்து வெளியே போனார். உள்ளே பங்கு பிரிந்தது. தோனி தன் பங்கை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, "முதலாளி இல்லாத கடைன்னு ஊர்ல சொல்றேன், நம்ப மாட்டேங்கிறாங்க" என்றான். யுஸ்மானியார் தன் பங்கைக் கையில் வாங்கி இரண்டு முறை எண்ணினாள். நாற்பத்தெட்டு வயதில், வாழ்க்கையில் முதல்முறையாக, தன் கைக்கு உரியது தன் கைக்கு வந்திருந்தது.

மாலினை அவள் மறக்கவில்லை. புக்கிட்டிங்கி சந்தையில் கடை கடையாக ஏறி இறங்கி, பச்சையில் பொடிக்கட்டம் போட்ட உயர்ந்த கைலி ஒன்று வாங்கி வைத்திருந்தாள். அதோடு அவர் அம்மாவுக்கு ஒரு பெரிய டப்பா ரெண்டாங். இரண்டு கையாலும் ஏந்திக் கொடுத்தாள். அவரும் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, "எதுக்கு அக்கா இதெல்லாம்" என்றார். எப்பேர்ப்பட்ட மரியாதை செய்துவிட்டோம் என்று அன்று முழுவதும் அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. இப்போது நினைத்தால் எனக்கே அவள் தலையில் ஒரு குட்டு வைக்கலாம் போலிருக்கிறது.

நோன்பு மாதம் நெருங்கியது. எங்கள் கடைகளுக்கு அது முடிந்து வரும் பெருநாள்தான் அறுவடை. ஊரைவிட்டுப் போன மினாங்காரன் அத்தனை பேரும் குடும்பத்தோடு திரும்பி, அத்தனை பேரும் சாலையில் பசியோடு நிற்பான். நோன்பு தொடங்க ஒரு வாரம் இருக்கும்போது, வாடிக்கையாக வரும் ஓட்டுநர் நாசார் கை கழுவிக்கொண்டே சமையல்கட்டில் எட்டிப் பார்த்தார்.

"யுஸ்ஸக்கா, இந்தப் பெருநாளைக்கு நாங்க கீழே, அடுத்த வளைவுல இருக்கிற கடையிலதான் நிறுத்துவோம். கோவிச்சுக்காதீங்க."

"ஏன், என் ரெண்டாங் ஊசிப்போச்சா?"

"அய்யோ, ரெண்டாங்குன்னா உங்களுதுதான். ஆனா எங்க ஆளு அங்கே போறாரே. பங்கோட கூப்பிட்டிருக்காங்களாம். உங்களுக்குத் தெரியாதா?"

"எந்த ஆளு?"

நாசார் முகவாயால் வெளியே காட்டினார். மாலின் தோள்வரை தட்டுகளோடு மேஜைகளுக்கு நடுவே போய்க்கொண்டிருந்தார்.

யுஸ்மானியாருக்கு முதலில் வந்தது கோபம்தான். இவ்வளவு தாங்குகிறோம், மீனின் நடுத்துண்டை வைக்கிறோம், போட்டிக்கடைக்கா போகிறார்? கல்லாவில் இருந்த தங்கையைத் தரதரவென்று பின்கட்டுக்கு இழுத்துக்கொண்டு போனாள். தேங்காய் துருவும் இடத்தில் நிறுத்தினாள்.

"அவரு வளைவுக்கடைக்குப் போறது நெசமாடி?"

"நெசந்தான்." குஸ்னெத்தி தலையைக் குனியவில்லை. "இன்னும் சரின்னு சொல்லல. யோசிச்சிட்டிருக்காரு."

"நாம என்ன குறை வச்சோம்? ஒரு சொல் சொல்லியிருப்போமா? வேணும்னா வாயைத் திறந்து கேக்கக் கூடாதா?"

"கேப்பாரா அக்கா? மாப்பிள்ளை பொண்ணு வீட்டுல பங்கு கேட்டான்னு ஊரே காறித் துப்பாது? நாக்கைப் பிடுங்கிக்குவாரே தவிரக் கேக்க மாட்டாரு."

"நீ சொல்லியிருக்கலாமே?"

"நான் கேட்டா, புருஷன் பொண்டாட்டியை விட்டுக் கேக்க வச்சான்னு ஆகும். அதுக்கு அவரே கேட்டிருக்கலாம்." குஸ்னெத்தி மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "அந்த வளைவுக்கடைக்காரன் யாரோ எவனோ. அவனுக்கு இவரு வேலைக்காரர், அதனால பங்கு உண்டு. நமக்கு இவரு சொந்தம், அதனால கைலி."

யுஸ்மானியார் பிடித்திருந்த தங்கையின் கையை விட்டாள்.

"பெக்கான்பாருல இருந்து நீ என்ன அக்கா கொண்டுவந்தே?" என்று குஸ்னெத்தி மெதுவாகக் கேட்டாள். குத்திக் காட்டும் குரல் இல்லை அது. அழுகிற குரல்.

யுஸ்மானியார் தேங்காய் மூடிகளுக்கு நடுவே அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அலமாரியில் மடித்து அடுக்கிய பதினைந்து கைலிகளும் அவள் கண்முன் வந்தன. அவற்றின் மேல் பதினாறாவதாகப் பச்சையில் பொடிக்கட்டம் போட்டது ஒன்று. அதை அவளே தேடித் தேடி வாங்கினாள், பேரம்கூடப் பேசவில்லை. தன் கடையில் ஒருத்தரும் சும்மா வேலை செய்யக் கூடாது என்று யார் சொன்னது? வெட்கம் அவளைப் பிடுங்கித் தின்றது. பெக்கான்பாரு முதலாளியம்மாவும் ஒருவேளை இப்படித்தான், ரொம்ப நல்லவளாகத் தன்னை நினைத்துக்கொண்டே இருந்திருப்பாள்.

அடுத்த பங்குக் கணக்குக்காக அந்த வெள்ளிக்கிழமை புஸ்தாமி வந்து இறங்கினான். பெட்டியைக்கூட வைக்க விடாமல் அவனிடம் விஷயத்தைச் சொன்னாள். அவன் முகம் சுண்டிப்போனது.

"மாலினுக்கு மாத்தோவா? பரிமாறுற புள்ளியா? அக்கா, விளையாடாதே. நாளைக்கு மாமாமார் கூடி உக்காந்து, 'தங்கச்சி புருஷனை எச்சித்தட்டு தூக்க வச்சியாடா'ன்னு என்னையத்தானே கேப்பாங்க?"

"தூக்க வச்சாச்சுடா. ஆறு மாசமா இந்தச் சாலையில போற அத்தனை பேரும் பாக்குறாங்க. நாம கொடுக்காததுதான் யாருக்கும் தெரியாது."

"சரி, என் பாதியில இருந்து எடுத்துத் தர்றேன். கவர்ல போட்டு மரியாதையா கையில வச்சிடுவோம். கணக்குல வேணாம்."

"கவர்ல போட்டா அது இன்னொரு கைலி."

"புரியாம பேசாதே. அவருக்குப் புள்ளி வச்சா மத்தவங்க எல்லாருக்கும் குறையும். உனக்கும் குறையும்."

"குறையட்டும். போன தடவை அவருக்கு வர வேண்டியது நம்ம மடியிலதானே இருக்கு? என்னோடதுல இருந்து நான் திருப்பி வைக்கிறேன்."

கழுவுதொட்டியில் இருந்த தோனி தட்டைத் தேய்த்தபடியே திரும்பினான். "அக்கா, நடுவுல பேசுறேன்னு நினைக்காதீங்க. அவரு தட்டு தூக்கலேன்னா எனக்குக் கழுவறதுக்கு என்ன இருக்கு? என்னோடதுலயும் எடுத்துக்குங்க." ரிக்கோவும் வேகமாகத் தலையாட்டினான். பெருநாள் கூட்டத்தைத் தனியாகச் சமாளிக்கும் காட்சி அவனுக்குக் கண்ணில் வந்திருக்க வேண்டும்.

புஸ்தாமி மூவரையும் மாறி மாறிப் பார்த்தான். "நீயே பேசு" என்றான் கடைசியில். "மாப்பிள்ளைகிட்ட இதை எந்த வாயால சொல்றதுன்னு எனக்குத் தெரியல."

முறைப்படி என்றால் தாய்மாமா ஒருவர் வெற்றிலைப் பையோடு போய், மழையைப் பற்றி, நெல்லைப் பற்றிப் பேசி, நாலு சுற்று சுற்றித்தான் மாப்பிள்ளையிடம் ஒரு விஷயத்தைத் தொட வேண்டும். அதற்கெல்லாம் நேரமும் இல்லை, யுஸ்மானியாருக்குப் பொறுமையும் இல்லை.

கடையைச் சாத்தினார்கள். நீள மேஜையைச் சுற்றி நாற்காலிகள் இழுபட்டன. மாலின் வழக்கம்போல் எழுந்தார்.

"மழை வர்ற மாதிரி இருக்கு. நான் போய் வண்டியை…"

"வரட்டும்" என்றாள் யுஸ்மானியார். "உங்க வண்டி நனையட்டும். உக்காருங்க."

அந்தக் குடும்பத்தில் ஒரு மாப்பிள்ளையிடம் இந்தக் குரலில் யாரும் பேசியதில்லை. குஸ்னெத்தி மூச்சைப் பிடித்துக்கொண்டாள். புஸ்தாமி கூரையைப் பார்த்தான். மாலின் பாதி எழுந்தவர், பாதியிலேயே நின்றார். பிறகு உட்கார்ந்தார்.

"காலைப் பாருங்க மாலின். செருப்பு இருக்கா?"

"இருக்கு."

"எனக்கும் இருக்கு. புஸ்தாமிக்கும் இருக்கு. வீடா இருந்தா வாசல்லயே கழட்டியிருப்போம். இது வீடு இல்ல. வீட்டுல நீங்க எங்க விருந்தாளி, சாகிற வரைக்கும் நடுத்துண்டு உங்களுக்குத்தான். இங்கே நீங்க விருந்தாளி இல்ல."

மாலின் முகத்தில் இரத்தம் ஏறியது. விருந்தாளி இல்லை என்று மனைவி வீட்டார் வாயால் கேட்பது எங்களில் எந்த ஆணுக்கும் சாதாரணம் இல்லை. யுஸ்மானியாருக்கும் அது தெரியும். ஆனால் நிறுத்தவில்லை.

"இங்கே நீங்க பங்காளி. ஆறு மாசத்துக்கு முன்னாடியே சொல்லியிருக்கணும். சொல்லல. மரியாதைன்னு நினைச்சு உங்களை ஏமாத்தியிருக்கோம். எனக்கு ஒருத்தங்க பதினஞ்சு வருஷம் செஞ்சதை நான் உங்களுக்கு ஆறு மாசம் செஞ்சுட்டேன். அந்தக் கைலி என்னை உறுத்துது மாலின். மன்னிச்சிடுங்க. நீங்க வளைவுக்கடைக்குப் போனாலும் சரி, முதல் நாள்ல இருந்து உங்க பங்கு உங்களுக்கு வந்துடும். இருந்தீங்கன்னா, எனக்குப் பெருமை."

வெளியே உண்மையிலேயே தூற ஆரம்பித்திருந்தது. மாலின் சன்னல் வழியே தன் வண்டி நனைவதைப் பார்த்தார்.

"புள்ளி எவ்வளவு?" என்று கேட்டார்.

புஸ்தாமிக்கு உயிர் வந்தது. "நீங்க மாப்பிள்ளை. பரிமாறுற புள்ளிக்கு மேல ரெண்டு சேர்த்துப் போட்டுடலாம்னு…"

"வேண்டாம் மச்சான். ரிக்கோவுக்கு என்னவோ அதேதான். மேலயும் வேணாம், கீழயும் வேணாம்." அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். குரலில் இதுவரை அந்த வீட்டார் கேட்காத ஒரு கறார் இருந்தது. "ஆனா எனக்கு ஒரு நிபந்தனை இருக்கு."

"சொல்லுங்க."

"கடைக்குள்ள என்னை மாலின்னு கூப்பிடக் கூடாது. பேர் சொல்லிக் கூப்பிடுங்க. தப்புப் பண்ணினா திட்டுங்க. ரிக்கோ ஒரு கிளாஸை உடைச்சதுக்கு அக்கா கிழிச்ச கிழி எனக்குத் தெரியும். நான் அத்தனை தட்டையும் உடைச்சப்போ கையில காயம் படலியேன்னு கேட்டீங்க. அன்னிக்குப் பூரா எனக்குச் சோறு இறங்கல. இந்தக் கடையில நான் யாருமே இல்லைன்னு அப்பதான் தெரிஞ்சுது."

குஸ்னெத்தி தலைத்துணியின் முனையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். தோனி மீசையைத் தடவிக்கொண்டு, "திட்டுத்தானே, இந்தக் கடையில அதுக்குப் பஞ்சமே இல்ல, ஆளுக்கு நிறைய வரும்" என்றான். அதில்தான் எல்லோரும் சிரித்தார்கள். பிறகு கணக்கைப் பிரித்தார்கள். எல்லோருக்கும் போன முறையைவிடக் கொஞ்சம் குறைந்தது. யுஸ்மானியார் தன் பங்கை வாங்கி மடியில் வைத்தபோது, போன முறையைவிட அது கனமாக இருப்பதாகவே அவளுக்குப் பட்டது.

சொல்வது சுலபம். பெயர் சொல்லிக் கூப்பிட யாருக்கு நாக்கு வந்தது? நோன்பு மாதம் முழுக்க, "இங்க பாருங்க", "அந்த மேஜைக்கு ஒரு ஆளு" என்று சுவரைப் பார்த்துப் பேசியே ஓட்டினார்கள். புஸ்தாமி இன்னும் மோசம். பெருநாளுக்கு வந்து இறங்கியவன் அவரைக் கண்டாலே நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டுப் பிறகு ஞாபகம் வந்து நாற்காலியைத் துடைப்பதுபோல நடித்தான்.

பெருநாளுக்கு மறுநாள் சாலை நிரம்பி வழிந்தது. ஜகார்த்தா வண்டிகள், பெக்கான்பாரு வண்டிகள், கூரைமேல் மூட்டையும் சன்னலில் குழந்தையுமாக வரிசை கட்டி நின்றன. நாசாரின் பேருந்தும் இங்கேதான் நின்றது. கடைக்குள் கால் வைக்க இடமில்லை. ஊருக்கு வந்திருந்த புஸ்தாமியின் கையிலும் ஒரு தட்டைத் திணித்திருந்தாள் யுஸ்மானியார். புதுச்சட்டையில் மஞ்சள் கறையோடு தண்ணீர்க் கிளாஸ்களைத் தூக்கிக்கொண்டு அவன் திண்டாடிக்கொண்டிருந்தான். அடுப்பில் ரெண்டாங் கடைசிப் பதத்துக்கு வந்துகொண்டிருந்தது. யுஸ்மானியாரின் கை அகப்பையில், காது முழுக்க வெளியே.

சாப்பிட உட்கார்ந்த ஒருவர் கத்தினார், "தண்ணி கேட்டு எவ்வளவு நேரமாச்சு!" மேஜைகளுக்கு நடுவே மாலின் ஓட்டுநர்களோடு ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டு நிற்பதை புஸ்தாமி பார்த்திருக்க வேண்டும்.

"மாலி…" என்று தொடங்கிய குரல் அறுந்தது. அடுத்த நொடி கடையே அதிர்ந்தது.

"ஏய் ஹென்! அஞ்சாம் மேஜையில தொண்டை காயுது, அங்கே என்னய்யா பல்லைக் காட்டிக்கிட்டு நிக்கிறே?"

சமையல்கட்டில் தோனி கையிலிருந்த தட்டைத் தொட்டிக்குள் நழுவவிட்டான். கல்லாவில் குஸ்னெத்தியின் கை அந்தரத்தில் நின்றது. அகப்பை நின்றால் அடிப்பிடிக்கும் என்று தெரிந்தும் யுஸ்மானியாரின் கையும் நின்றது.

"உங்க கையில என்ன மச்சான், மருதாணியா போட்டிருக்கு?" தட்டுகளின் கணகணப்புக்கு மேலே ஹெந்திரிசாலின் குரல் வந்தது. அப்படி ஒரு உற்சாகத்தை அந்தக் குரலில் யாரும் கேட்டதில்லை. "பக்கத்துலதானே நிக்கிறீங்க, எடுத்து வைங்க!"

ஓட்டுநர்கள் மேஜையைத் தட்டிச் சிரித்தார்கள். யுஸ்மானியார் மறுபடி கிண்டத் தொடங்கினாள். மிளகாய்க் காரத்தில் என்று சொல்லிக்கொள்ள வசதியாகக் கண் நிறைந்து வழிந்தது, அவள் துடைக்கவில்லை. தன் கடை, தன் தம்பி, தன் தங்கை, தன் தங்கையின் புருஷன், இந்தக் கூச்சல், எல்லாவற்றின் மேலும் அவளுக்குப் பெருமை பொங்கியது. பெக்கான்பாருவில் இருந்த அத்தனை வருஷமும் அவளை யாரும் ஒரு வார்த்தை திட்டியதில்லை.